கை நிற்கக் கூடாது

தையல்காரியின் வலது கை மூன்று இடத்தில் முறிந்திருந்தது. இனி அந்தக் கை ஊசியில் நூல் கோக்குமா என்பதை ஆறு வாரம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார்.

போன வாரம் நாம் விட்ட இடம் அதுதான். புருஷனுக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்தவள் அவள். அவள் ஒளிந்திருந்த வீட்டின் முகவரி ஒரே ஓர் இடத்தில்தான் எழுதப்பட்டிருந்தது. வக்கீல் அலுவலகத்துக் கம்ப்யூட்டரில், அவளுடைய மனுவில். அதைத் தட்டச்சு செய்தவள் வக்கீலின் மருமகள். மருமகளின் பெரியப்பா மகன் வேலை பார்க்கும் லாரி நிறுவனத்தில்தான் தையல்காரியின் புருஷனும் டிரைவர்.

வக்கீலுக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

இன்று காலை பத்து மணிக்கு, வீட்டின் முன்கட்டிலேயே இருந்த அந்த அலுவலகத்தில், மருமகளின் மேசை மேல் ஒரு கடிதம் இருந்தது. வக்கீல் சொல்லச் சொல்ல அவர் மகனே கைப்பட எழுதியது. மகனும் வக்கீல்தான், அப்பாவிடம் ஜூனியர். தன் மனைவி கையெழுத்துப் போட வேண்டிய வாக்குமூலத்தை ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தான்.

'கட்சிக்காரரின் முகவரியை என் உறவினரிடம் சொன்னது நான்தான். அலுவலகத்தில் வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.'

"அஞ்சு மணிக்குள்ள வக்கீல் சங்கத்துல குடுத்தாகணும்," என்றான். "போட்டுடு. போட்டுட்டு உங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பு. பாப்பா இங்கேயே இருக்கட்டும்."

"பாப்பாவை எதுக்கு இங்க விடணும்?"

"சங்கத்துல போலீசுக்குப் போகச் சொல்லலாம். கேசு, கட்டுன்னு அலையப்போற வீட்டுல குழந்தை எதுக்கு?"

"அப்ப இந்த வீட்டுல கேசுக் கட்டே இல்லையா? சுவரே தெரியாம அடுக்கி வெச்சிருக்கீங்களே."

மருமகள் சிரிக்காமல் சொன்னாள். அடுத்த அறையில் கட்டுகளுக்கு நாடா முடிந்துகொண்டிருந்த சின்னவளுக்குச் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் செத்துப் போனது.

சின்னவள் வக்கீலின் மகள். மருமகள் அவளுக்கு அண்ணி. இருபத்திரண்டு வயது. பகலில் அப்பாவின் அலுவலகத்தில் கட்டு அடுக்குவாள். வாரத்தில் மூன்று மாலை கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வகுப்புக்குப் போவாள். வகுப்பில் கேட்டதையெல்லாம் நீல அட்டை போட்ட நோட்டில் எழுதுவாள். எழுதியதைச் சரியா என்று மறுபடி பார்ப்பாள். சரியாக இருந்தாலும் பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டு வைப்பாள்.

அவள் எழுந்து அப்பாவின் அறைக்குப் போனாள்.

"அப்பா, ஒரே ஒரு தடவை அந்தக் கம்ப்யூட்டர் மிஷினைப் பாக்கட்டுமா?"

"எதுக்கு?"

"யாரும் வெளியில சொல்லாமலே விஷயம் போயிருக்கலாம். பின்கதவுன்னு ஒண்ணு இருக்கு. எங்க வகுப்புல..."

"வகுப்புல!" வக்கீல் மகனைப் பார்த்தார். "கேட்டியா? நம்ம வீட்டுல நிபுணர் சாட்சி வந்தாச்சு."

"படிப்பு எத்தனை மாசம் நிபுணரம்மா?" என்றான் அண்ணன்.

"நாலு."

"பாரு, பாரு," என்றார் வக்கீல். "மதியச் சாப்பாடு வரைக்கும் பாரு. உடைச்சு வெச்சிராத."

---

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வக்கீல் உட்கார்ந்து எழுத மாட்டார். ஜன்னலிலிருந்து புத்தக அலமாரி வரைக்கும் நடந்துகொண்டே மனுவைச் சொல்வார். தட்டச்சு கூடவே ஓடி வர வேண்டும். விசைகளின் சத்தம் நின்றால் அவருக்குச் சிந்தனை அறுந்துவிடும். திரையில் நடுவே ஏதாவது பெட்டி முளைத்து 'செய்யலாமா, வேண்டாமா' என்று கேட்டால் படிக்கக் கூடாது. 'சரி' என்று அமுக்கிவிட்டு அடுத்த வார்த்தைக்குப் போக வேண்டும்.

"கை நிக்கக்கூடாது." ஆறு வருடமாக அண்ணி அந்த அலுவலகத்தில் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான்.

சின்னவள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முதலில் எதையும் தொடாமல் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. பார்த்தாள். மிஷின் தன் பாட்டுக்கு வெளியே யார் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறது என்ற பட்டியலை எடுத்தாள். மெயில் ஒன்று. கடிகாரத்தின் நேரம் சரிபார்ப்பது ஒன்று. மூன்றாவதாக ஓர் எண். பெயர் இல்லாத, அவளுக்குத் தெரியாத எண். திரையில் எந்த ஜன்னலும் திறந்திருக்கவில்லை. ஆனால் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

தப்பாகப் பார்த்திருப்போமோ என்று மறுபடி எடுத்தாள். அதே எண்.

பிறகுதான் இணைய வயரைப் பிடுங்கினாள். விருந்தாளி வேஷத்தில் முன்வாசல் வழியாக வந்த திருடன் உள்ளேயிருந்து பின்கதவின் தாழ்ப்பாளை நீக்கி வைத்துவிட்டுப் போவான்; பிறகு இஷ்டப்பட்ட நேரத்தில் வருவான், போவான், பெட்டியைத் திறப்பான், காகிதத்தைப் படிப்பான்; வீட்டுக்காரர் முன்வாசலைப் பூட்டிக்கொண்டே இருப்பார். வகுப்பு வாத்தியார் இப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். வயரைப் பிடுங்கினால் திருடன் நடக்கும் பாதை அறுந்து போகும். ஆள் எங்கே பதுங்கியிருக்கிறான் என்பதை அதற்குப் பிறகு தேடலாம்.

ஓடிக்கொண்டிருந்த நிரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பதினேழாவது வரியில் நின்றாள். 'பிரிண்டர் உதவியாளர்.' பெயர் சாதுவாகத்தான் இருந்தது. ஆனால் அது சொன்ன கம்பெனியின் பிரிண்டர் இந்த அலுவலகத்தின் படியை மிதித்ததே இல்லை.

அதை நிறுத்தினாள். சரியாகப் பத்து நிமிடத்தில் அது திரும்ப எழுந்து உட்கார்ந்தது.

யார் எழுப்புகிறார்கள்? நேரம் குறித்து வேலைகளைச் செய்யும் பட்டியலுக்குப் போனாள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை 'பிரிண்டர் உதவியாளர் உயிரோடு இருக்கிறாரா' என்று பார்க்க ஒரு வேலை அங்கே வைக்கப்பட்டிருந்தது. மிஷின் விழித்ததும் எழ வேண்டியவர்கள் பட்டியலிலும் அதே பெயர். இரண்டையும் எழுதிக்கொண்டாள். எதையும் அழிக்கவில்லை. அழிப்பதற்கு முன் எழுது என்பது நோட்டின் முதல் பக்கத்திலேயே இருந்தது.

கடைசியில், இது எந்த வழியாக வந்தது?

அப்பாவின் மெயிலில் ஒரு கடிதம். 'ஐயா, என் கணவரிடமிருந்து விலக விரும்புகிறேன். அடித்த காயங்களின் படங்களும் விவரமும் இணைப்பில்.' இணைப்பின் பெயர் 'புகார் மனு'. காகிதப் படம் போட்ட சின்னம். கோப்பின் விவரத்தைப் பார்த்தால் அது காகிதமே இல்லை. காகிதச் சட்டை போட்ட நிரல். திறந்த தேதி ஏழு. நேரம் மதியம் ஒன்று பத்து. அதே நிமிடத்தில் பிரிண்டர் உதவியாளர் பிறந்திருந்தார்.

தையல்காரியின் வீட்டுக் கதவு ஒன்பதாம் தேதி உடைக்கப்பட்டது.

ஒன்று பத்து. பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரை அண்ணி இந்த நாற்காலியில் இருக்கவே மாட்டாள். பாப்பாவைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து, சோறு ஊட்டி, தூங்க வைத்துவிட்டு வருவாள். ஆறு வருடத்தில் இந்த ஒன்றரை மணி நேரம்தான் அவளுக்கு விடுப்பு. அந்த நேரத்தில் மெயில் பார்ப்பவர் ஒருவர்தான்.

சின்னவள் நோட்டில் நேரத்தை எழுதி, பென்சிலை எடுத்தாள். கேள்விக்குறி போட இடமே இல்லை.

அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. இந்த மாதிரி வேஷக்காரனை வாசலிலேயே பிடிக்க மிஷினுக்குள் ஒரு காவல் மென்பொருள் இருக்கிறது. அது நிறுத்தப்பட்டிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பு. 'சும்மா சும்மா குறுக்க வந்து கத்துது, இதை நிறுத்தத் தெரியுமா உனக்கு?' என்று அப்பா கேட்டார். தெரியும் என்று நிறுத்தியவள் அவள்தான். அன்றைக்கு மிஷின் வேகமாக ஓடியது. 'கெட்டிக்காரி' என்றார் அப்பா. பிறந்ததிலிருந்து அவர் வாயால் அவள் கேட்ட ஒரே 'கெட்டிக்காரி' அதுதான்.

---

"கதவைச் சாத்து," என்றார் வக்கீல்.

சாத்தினாள். அண்ணன் பாப்பாவைக் கூட்டி வரப் போயிருந்தான். இனிமேல் தான்தான் போக வேண்டும், இன்றிலிருந்தே பழகட்டும் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

வக்கீல் நோட்டின் அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தார். கோர்ட்டில் எதிர்த்தரப்பு ஆவணத்தைப் படிக்கும் முகம்.

"திறந்த நேரம்?"

"மதியம் ஒண்ணு பத்து."

"நாற்காலியில யாரு?"

"அண்ணி இல்ல. அண்ணி அப்ப..."

"யார் இல்லேன்னு கேக்கல. யார் இருந்தாங்க?"

"நீங்கப்பா."

"நீ பாத்தியா?"

"இல்ல."

"பாக்கல. சரி. இணைப்பைத் திறந்தா உடனே உள்ள வந்துருமா?"

"ஒரு பெட்டி வரும். அனுமதிக்கலாமான்னு கேக்கும். சரின்னு அமுக்கினாத்தான்..."

அவர் மேசை மேலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்தார். குடிக்கவில்லை. அந்த அறையில் பெட்டிகளுக்கு என்ன மரியாதை என்று அவருக்குத் தெரியாதா?

"காவல்னு ஒண்ணு எழுதியிருக்கியே. அது இருந்தா இது வந்திருக்குமா?"

"அனேகமா வந்திருக்காது."

"அதை யாரு நிறுத்தினது?"

"நீங்க சொல்லி..."

"யாரு நிறுத்தினது? பேரை மட்டும் சொல்லு."

"நான்தான்."

"சத்தமா."

"நான்தான்ப்பா."

"ஆக." டம்ளரைக் கீழே வைத்தார். "வாசலைத் திறந்து போட்டது நீ. இப்ப இதைத் தூக்கிட்டுச் சங்கத்துக்குப் போனா, முதல் கேள்வி உனக்குத்தான். ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பொண்ணு முன்னாடி நின்னு சொல்லுவியா? 'அக்கா, உங்க கை ஒடிஞ்சதுக்கு நான் காரணம்'னு?"

அவளிடம் பதில் இருந்தது. 'ஆமா, சொல்லுவேன்' என்ற பதில். வாய் வரைக்கும் வரவில்லை.

"முப்பத்தோரு வருஷத் தொழில் இது," என்றார். குரல் உயரவே இல்லை. "நாளைக்கு எந்தப் பொம்பளை என்னை நம்பி விலாசம் குடுப்பா? உன் அண்ணி ரெண்டு மாசம் அம்மா வீட்டுல இருந்தா ஒண்ணும் குறைஞ்சிடாது. அவ சமாளிப்பா. அவளுக்குப் பழக்கம்."

"அவங்க செய்யலையேப்பா."

"செய்யலேன்னு சொல்ல எதாவது இருக்கா?"

"இருக்கே. அந்த மிஷினுக்குள்ள."

"அதைச் சுத்தம் பண்ணத் தெரியுமா உனக்கு?"

தெரியும். பின்கதவு போட்டவன் வேறு எத்தனை கதவு போட்டிருப்பான் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நிரலை அழித்தாலும் நம்ப முடியாது. மிஷினின் ஹார்ட் டிஸ்கை முழுக்கத் துடைத்து, எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு, கடவுச்சொற்களை வேறொரு மிஷினிலிருந்து மாற்ற வேண்டும். அதுதான் சரியான வைத்தியம். ஆனால் அதற்கு முன் தடயத்தை நகல் எடுத்து வைக்க வேண்டும் என்றும் நோட்டில் இருந்தது.

"துடைச்சா எல்லாம் போயிடும்ப்பா. நேரம், தேதி, எல்லாமே."

"நோயும் போயிடுமில்ல?"

"போயிடும்."

"அப்ப துடை."

வாழ்நாள் முழுக்கச் சாட்சியம் எங்கே, சாட்சியம் எங்கே என்று நீதிபதிகளைப் பார்த்துக் கேட்ட மனிதர், நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தை நிதானமாக, தையல் பிசகாமல் கிழித்தார். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"கையெழுத்து நல்லா இருக்கு," என்றார்.

---

அவர் பின்னால் நின்றுகொண்டேயிருந்தார். நகல் எடுக்க வழியே இல்லை. 'அனைத்தும் அழிக்கப்படும். தொடரலாமா?' என்று ஒரு பெட்டி கேட்டது. அவள் 'சரி' என்று அமுக்கினாள். அந்த நாற்காலியின் வழக்கம் அது.

இருபது சதவீதம். முப்பத்தைந்து.

அறுபதில் வக்கீல் வெளியே போனார். அந்த இடைவெளியில் அண்ணி உள்ளே வந்தாள். கையில் கடிதம். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. தலையை மட்டும் படிய வாரியிருந்தாள்.

"குட்டி."

"ம்?"

"காலையில இருந்து பாத்தியே. ஏதாவது இருந்துச்சா?"

சின்னவள் திரையைப் பார்த்தாள். அறுபத்து நான்கு.

"நான் யார்கிட்டயும் சொல்லல," என்றாள் அண்ணி. "என் பெரியப்பா மகனோட பேசியே மூணு வருஷமாச்சு. ஆனா எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. அவசரத்துல எதையாவது தப்பா அமுக்கித் தொலைச்சிருப்பேனோ? எத்தனை பெட்டி வருது, எதையும் படிக்க விட மாட்டாரே. அப்படி ஏதாவது இருந்தா சொல்லிடு. நான் பண்ணினதுன்னா கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன். இல்லேன்னா என் பிள்ளையை விட்டுட்டு ஏன் போகணும்?"

எழுபத்தொன்று.

"ஒண்ணும் இல்ல அண்ணி," என்றாள் சின்னவள்.

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தேன். ஒண்ணும் இல்ல."

அண்ணி அவள் பின்னந்தலையைப் பார்த்தாள். பிறகு அதே மேசையின் ஓரத்தில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பேனாவில் மை வரவில்லை. உதறிவிட்டு மறுபடி போட்டாள்.

"பாப்பாவுக்குச் சளி இருக்கு," என்றாள். "உங்க அண்ணனுக்கு எந்த மருந்துன்னு தெரியாது. நீ பாத்துக்க."

---

நாலே கால் மணிக்கு மிஷின் புத்தம் புதிதாக விழித்தது. அண்ணன் வெள்ளிக்கிழமைதோறும் நகலெடுத்து வைக்கும் வட்டுடன் வந்து உட்கார்ந்தான். மடித்த கடிதம் அவன் சட்டைப்பையில் இருந்தது. ஐந்துக்குள் சங்கத்துக்குப் போனால் போதும்.

"மனுக்களை மட்டும் எடுத்துப் போடுண்ணா," என்றாள் சின்னவள். "மெயில்ல வந்த இணைப்பையெல்லாம் விட்டுடு."

"ஏன்?"

வக்கீல் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார்.

"நாலு மாசப் படிப்பு," என்றான் அண்ணன் சிரித்துக்கொண்டே. "எல்லாத்தையும் போடுவோம், ஒண்ணு விடாம." போட்டான். இணைய வயரைச் செருகினான். அப்பாவுக்குப் பிடிக்காது என்று காவல் மென்பொருளை முதல் வேலையாக நிறுத்தினான். வந்து சேர்ந்தவை திறக்கின்றனவா என்று நாலைந்தை அமுக்கிப் பார்த்தான். ஒன்று மட்டும் திறக்கவில்லை.

"புது மிஷின் மாதிரி ஆக்கித் தரேன்னு ஆமை மாதிரி ஆக்கி வெச்சிருக்கா," என்று எழுந்தான்.

"உக்காரு," என்றார் வக்கீல் மகளிடம். "தையல்காரியை நாளைக்கு ஆஸ்பத்திரியில இருந்து விடுறாங்க. பாதுகாப்பு மனு இன்னைக்கே போகணும்."

சின்னவள் அண்ணியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். வக்கீல் நடக்க ஆரம்பித்தார். விசைகள் கூடவே ஓடின. மனுதாரரின் பெயர். வயது. காயத்தின் விவரம். "மேற்படி மனுதாரர் இனி தங்கவிருக்கும் இடமாவது," என்று சொல்லி முகவரிக்கு வந்தார். கதவு எண் சொன்னார். மாடி சொன்னார். தெருவின் பெயர் சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை; எழுதின இடங்களே போதும்.

ஊரின் பெயர் மட்டும் பாக்கி இருந்தபோது திரை நடுவில் அந்தப் பெட்டி முளைத்தது.

''புகார் மனு' இந்தக் கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதி கேட்கிறது. சரி. வேண்டாம்.'

விசைகளின் சத்தம் நின்றது.

வக்கீல் அலமாரிக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டியபடி நின்றார். "ஏன் நின்னுச்சு?"

அவள் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பெட்டி வந்தா அமுக்கிட்டுப் போ. கை நிக்கக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"அது நான் இப்பத் திறந்த ஃபைல்தான்ப்பா," என்றான் அண்ணன். "ஒண்ணுமில்ல, அமுக்கு."

மேசை இழுப்பறையில் விட்டுப் போன கண்ணாடியை எடுக்க அண்ணி வந்திருந்தாள். தோளில் துணிப்பை. சின்னவளின் தோளுக்கு மேலே குனிந்து, ஆறு வருடத்தில் முதல் முறையாக, ஒரு பெட்டியை முழுக்கப் படித்தாள்.

"இந்த மிஷின்ல வர்ற எல்லாப் பெட்டிக்கும் சரி போட்டவ நான்தான்," என்றாள் மெதுவாக. "படிக்காட்டியும் முகம் தெரியும். இதை நான் பாத்ததே இல்லையே. மனுன்னா படிக்கத்தானே? அதுக்கு எதுக்கு அனுமதி?"

வக்கீல் திரும்பினார். திரையிலிருந்த பெயரைப் படித்தார். சட்டைப்பைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த காகிதத்தின் மேல் அவர் கை தானாகப் போய் நின்றது.

அண்ணி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லேன்னு சொன்னியே, குட்டி?"

சுவர்க் கடிகாரத்தில் நாலு நாற்பது. அண்ணன் ஒன்றும் புரியாமல், சங்கத்துக்கு நேரமாச்சு என்று செருப்பை மாட்டினான்.

"நில்லுங்க," என்றாள் அண்ணி.